குறிகட்டுவானில் வேலைக்கு வரும் தம்பி தங்கச்சிமாருக்கு

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஓடும் படகுகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபின், சென்னைக்குப் பறந்து வந்த எங்கள் சனம் விமானத்து உபசரிப்பையும் பார்த்துவிட்டுத்தான் உங்கள் படகில் ஏறுகிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் செய்வார்கள்.

1. விமானத்துக்குள் நிற்கிற பிள்ளை சிரித்த முகம், வெளியே பெட்டி நிறுக்கிறவர் கடுகடுத்த முகம் என்று சனம் சொல்லும். அது குணத்தால் மட்டும் வந்த வித்தியாசமில்லை. பாரம் கூடிவிட்டது, நேரம் கடந்துவிட்டது என்று மறுக்கிற வேலை முழுக்க வெளியே நிற்பவர் தலையில் விழுகிறது. உள்ளே வந்தவருக்கோ இடம் கிடைத்துவிட்டது, மனமும் ஆறிவிட்டது. எங்கள் இறங்குதுறையிலும் ஆள் எண்ணி மறிப்பவர்தான் ஏச்சு வாங்குவார். அதனால் உங்களில் பொறுமை கூடியவரைத் துறையில் நிறுத்துங்கள். மறிக்கும்போது காரணத்தையும் அடுத்த படகின் நேரத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

2. படகு நிரம்பினால் நிரம்பினதுதான். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் தேர் பார்க்கவேணும் என்று கையெடுத்துக் கேட்பார்கள். மனம் இளகும், ஆனாலும் ஏற்றாதீர்கள். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப்படகு கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். விமானப் பணியாளரும் தேநீர் கொடுப்பதற்காக மட்டும் அங்கே நிற்கவில்லை. 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம் தீப்பிடித்து எரிந்தபோது, உள்ளே இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. பணியாளர்கள் கைஒலிபெருக்கியாலும் சொந்தக் குரலாலும் சனத்தை வழிநடத்தினார்கள். பெட்டியை விடு என்று அவர்கள் அதட்டியதும் உபசரிப்புத்தான்.

3. இதை நன்றாக மனதில் வையுங்கள். விமானத்தில் மரியாதை கிடைக்காதவர் அடுத்தமுறை வேறு கம்பனியில் போவார். நெடுந்தீவுச் சனத்துக்கு அப்படி ஒரு வழியில்லை. கிளினிக், வங்கி, வழக்கு, பரீட்சை எதுவென்றாலும் இதே கடல், இதே படகு. ஏச்சு வாங்கினாலும் நாளைக்கும் உங்களிடம்தான் வரவேணும். குதிரையும் பெருக்குமரமும் பார்க்க வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வரட்டும், காசும் வரட்டும். ஆனால் கிளினிக் கொப்பியோடு நிற்கிற ஆச்சியைக் கரையில் விட்டுவிட்டு அவர்களை ஏற்றுவது அநியாயம். ஆச்சிக்கு இடம் கொடுத்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிடுங்கள். சனத்தை அதட்டி நெருக்கி அடைக்கவும் வேண்டாம். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கடல் நடுவே வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் சொந்தங்கள் இன்றைக்கும் இந்தத் தண்ணீரில்தான் போய்வருகிறார்கள். அதட்டல் அவர்களுக்கு அந்த நாளை நினைவுபடுத்தும்.

4. நயினாதீவு நாகவிகாரைக்கு வெள்ளை உடுத்து வரும் சிங்களச் சனத்துக்காக அவர்கள் மொழியில் பத்துச் சொல்லாவது படியுங்கள். இருங்கள், பார்த்துக் காலை வையுங்கள், உயிர்காப்பு அங்கியைக் கட்டுங்கள், இவ்வளவும் தெரிந்தால் போதும். கையைக் காட்டிக் கத்துவதைவிட அது சுகம்.

5. சோளகம் எழும்பினால் நெடுந்தீவுக் கடல் பொல்லாதது. ஓடுவோமா மாட்டோமா என்பது தெரிந்த உடனேயே சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறமுன் தெரிந்தால் அந்த மனிதர் அங்கேயே ஒரு உறவினர் வீட்டில் தங்குவார். குறிகட்டுவானில் வந்து நின்றபின் தெரிந்தால் எங்கே போவார்? தெரியாவிட்டால் தெரியாது என்றும், எத்தனை மணிக்குத் திரும்பச் சொல்வீர்கள் என்றும் சொல்லுங்கள்.

6. ஏற்றும்போது முதலில் சாமானை வாங்குங்கள், பிறகு குழந்தையை, பிறகு தாயை. வயதானவர்களின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முன்கையை நீட்டி அவர்களையே பிடிக்கவிடுங்கள். பெண்களிடம் "பிடிக்கட்டுமா அம்மா" என்று கேட்டபின் தொடுங்கள். அலை தூக்கி வள்ளத்தின் விளிம்பு துறைமட்டத்துக்கு வரும்வரை ஒருவரையும் கால் வைக்க விடாதீர்கள். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். அவர்களிடம் ஒருவர் பேசிக்கொண்டு நிற்கட்டும்.