பழுது கணினியிலா, நூலகத்திலா?

பைதன் மொழியில் பத்து வரி எழுதி இரண்டு தாயங்களைப் பெருக்கச் சொல்கிறோம். ஆய்வுகூடக் கணினியில் விடை வருகிறது. செய்நிரலையும் அதற்கு வேண்டிய கணித நூலகத்தையும் பிரதிசெய்து வீட்டிலுள்ள பழைய கணினியில் இயக்கினால், 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற இரண்டு சொற்களோடு எல்லாம் நின்றுவிடுகிறது. ஏதோ சட்டத்தை மீறிவிட்டோம் போலத் தோன்றும். 'இந்த அறிவுறுத்தல் எனக்குத் தெரியாது' என்று முறைவழியாக்கி, அதாவது புரொசசர், சொல்வதுதான் அது. பல வீடுகளில் இந்த இடத்தில்தான் "கணினி பழுதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்ற பேச்சு எழுகிறது. பெற்றோரே, சற்றுப் பொறுங்கள்.

ஆயிரம் நிரை, ஆயிரம் நிரல் கொண்ட இரு தாயங்களை வழக்கமான முறையில் பெருக்க நூறு கோடிப் பெருக்கல்கள் வேண்டும். இவ்வேலைக்கான பொதுச் செயல்களை 'பிளாஸ்' என்ற பெயரில் 1979இல் வரையறுத்து வெளியிட்டனர். அதனை விரைவாக்குவதில் பெயர்பெற்றவர் கசுஷிகே கோட்டோ. அவர் ஒவ்வொரு வகை முறைவழியாக்கிக்கும் உள்நிரல்களைக் கையாலேயே எழுதினார். அவருடைய நூலகத்தின் வழித்தோன்றலே 2011இல் தொடங்கிய 'ஓபன்பிளாஸ்'. வேகத்துக்குக் காரணமான இந்தத் தனித்தனி உள்நிரல்களே தொல்லைக்கும் காரணம்.

2011இல் இன்டெல் 'ஏவிஎக்ஸ்' அறிவுறுத்தல்களைக் கொண்டுவந்தது. ஒரே அறிவுறுத்தலில் நான்கு தசம எண்களைக் கையாள அவற்றால் முடியும், முன்னர் இரண்டுதான். 2013இல் 'ஏவிஎக்ஸ் 2' வந்தது. அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் மலிவு விலைப் பென்டியம், செலரோன் வகைகள் ஏவிஎக்ஸ் இல்லாமலே விற்கப்பட்டன. ஆகவே வாங்கிய ஆண்டை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். லினக்ஸில் 'எல்எஸ்சிபியு' என்ற கட்டளையைக் கொடுத்தால் முறைவழியாக்கி அறிந்தவற்றின் நீண்ட பட்டியல் வரும். அதில் ஏவிஎக்ஸ் உண்டா என்று தேடுங்கள்.

இல்லையென்றால் காரணம் பாதி தெரிந்துவிட்டது. மீதியை 'ஜிடிபி' என்ற வழுநீக்கி காட்டும். நின்ற இடத்து அறிவுறுத்தலின் பெயர் ஆங்கில 'வி' எழுத்தில் தொடங்கினால் அது பெரும்பாலும் ஏவிஎக்ஸ் குடும்பம். அது நூலகத்துக்குள் இருந்தால் உங்கள் பத்து வரியில் பிழை தேடி இரவைக் கழிக்கத் தேவையில்லை.

ஓபன்பிளாஸை மூலநிரலிலிருந்து தொகுக்கும்போது, வேறெதுவும் சொல்லாவிட்டால், தொகுக்கும் கணினியின் முறைவழியாக்கிக்கு ஏற்பவே அது தன்னை அமைத்துக்கொள்ளும். தொகுப்பானுக்கு 'நேட்டிவ்' என்ற தெரிவைக் கொடுத்தாலும் இதே கதைதான். பல கணினிகளில் ஓட வேண்டுமானால் 'டைனமிக் ஆர்க்' தெரிவுடன் தொகுக்க வேண்டும். அப்போது பல வகை உள்நிரல்களும் ஒன்றாக அடங்கும். இயங்கும் நேரத்தில் பொருத்தமானது தெரிவாகும். கோப்பு பெருக்கும், தொகுக்கும் நேரமும் கூடும். பாடசாலைக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம்.

இதற்கு எதிர்மாறான சிக்கலும் உண்டு. புத்தம்புதுக் கணினியில் பழைய மூலநிரலைத் தொகுத்தால், முறைவழியாக்கியை அடையாளம் காண முடியவில்லை என்று தொகுத்தல் நின்றுவிடலாம். 'டார்கெட்' என்ற இடத்தில் அதே குடும்பத்தின் பழைய வகையொன்றின் பெயரை நாமே கொடுத்தால் வேலை நடக்கும். புதிய பதிப்பை எடுப்பது இன்னும் மேல்.

நிற்காமல் ஓடி, வேறு விடை தரும் கணினிதான் என்னைக் கூடுதலாக யோசிக்க வைப்பது. பெருக்கிக் கூட்டும்போது பழைய முறைவழியாக்கி இருமுறை மட்டந்தட்டும். புதியது இரண்டையும் ஒரே அறிவுறுத்தலில் செய்து ஒருமுறை மட்டந்தட்டும். பதினாறாம் இலக்கத்தருகே வேறுபாடு வந்தால் இருவரும் சரியே. அதனால் 'சமமா' என்று சோதிக்காமல், 'வேறுபாடு இவ்வளவுக்குள்தானா' என்று சோதியுங்கள். ஆனால் சாதாரணத் தாயமொன்றில் மூன்றாம் இலக்கமே மாறினால் அதை மட்டந்தட்டலின் மேல் போடக் கூடாது. நூலகம் 'டைனமிக் ஆர்க்' முறையில் தொகுக்கப்பட்டிருந்தால், 'ஓபன்பிளாஸ் கோர்டைப்' என்ற சூழல் மாறியில் 'நெஹாலெம்' போன்ற பழைய வகையின் பெயரை இட்டு மீண்டும் இயக்குங்கள். விடை திருந்திவிட்டால் புதிய வகைக்கான உள்நிரலே சந்தேகத்துக்குரியது. முறைவழியாக்கியின் பெயர், நூலகப் பதிப்பு, தாயத்தின் அளவு ஆகிய மூன்றையும் குறித்து, அதைப் பராமரிப்போருக்கு எழுதி அனுப்புங்கள்.