படத்தில் தொடங்கும் வாசிப்பு

நுழையும்முன்

எழுத்துகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்த குழந்தை, ஒரு சொல்லைக் காட்டினால் தயங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்தறிவுக்கும் வாசிப்புக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அதனைக் கடக்கப் படப்புத்தகம் எவ்வாறு உதவுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஐதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதி தார்நாகா. இங்கே 'மஞ்சி புஸ்தகம்' என்னும் பதிப்பகம் இயங்கி வருகிறது. தெலுங்கில் 'மஞ்சி' என்பதற்கு 'நல்ல' என்று பொருள். பெயருக்கேற்பக் குழந்தைகளுக்கான தெலுங்கு நூல்களை இப்பதிப்பகம் குறைந்த விலையில் வெளியிடுகிறது. அவற்றுள் படப்புத்தகங்கள் பல. ஒரு காலத்தில் இந்தியக் குழந்தைகள் விரும்பிப் படித்த சோவியத் நாட்டுச் சிறுவர் நூல்களின் தெலுங்கு மொழிபெயர்ப்புகளையும் இது மீண்டும் அச்சிட்டுள்ளது.

படத்தின் துணைகொண்டு மொழி கற்பிக்கும் முறை புதியதன்று. மொராவியாவில் பிறந்த கல்வியாளர் கொமேனியசு, 1658ஆம் ஆண்டில் படங்கள் நிறைந்த பாடநூல் ஒன்றை நியூரம்பர்க் நகரில் வெளியிட்டார். அதில் ஒவ்வொரு படத்துக்கும் இலத்தீனிலும் செருமானியத்திலும் விளக்கம் இருந்தது. எழுத்துகளை அறிமுகம் செய்யும் பகுதியில் விலங்குகளையும் பறவைகளையும் வரைந்து, அவை எழுப்பும் ஒலியோடு எழுத்தை இணைத்திருந்தார். முதலில் நின்றது காகம்! நம் வீட்டுக் கூரையில் கரையும் அதே பறவைதான்.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உள்ளன. இவை அனைத்தையும் எழுதிப் பழகிய பின்னரே சொல்லுக்குச் செல்ல வேண்டும் என்றால், குழந்தை களைத்துவிடும். தமிழ்நாட்டில் வளரும் குழந்தைக்காவது கடைப் பலகையும் பேருந்தின் பெயர்ப்பலகையும் துணை நிற்கும். தார்நாகாவின் தெருக்களில் தெலுங்கு, ஆங்கிலம், உருது எழுத்துகளே கண்ணில் படுகின்றன. பாட்டியுடன் தமிழில் சரளமாக உரையாடும் சிறுவன், ஊரிலிருந்து வந்த தமிழ் அழைப்பிதழைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறான். பேச்சு வீட்டில் தங்கியிருக்கிறது; எழுத்து கைநழுவிப் போகிறது. இத்தகைய குழந்தைக்குப் படப்புத்தகம் விளையாட்டுப் பொருள் அன்று. தமிழ் எழுத்து அன்றாடம் கண்ணில் படுவதற்கான ஒரே வாயிலாகவும் அமையக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு பக்கத்தில் மதில்மேல் பூனை, மதிலடியில் பானை. கீழே இரண்டே வரிகள்:

மேலே பூனை.
கீழே பானை.

முதலில் வரிகளைத் தொடாமல் படத்தைப் பற்றிப் பேச விடுங்கள். பூனை ஏன் கீழே பார்க்கிறது? பானைக்குள் என்ன இருக்கும்? தெலுங்குச் சூழலில் வளரும் குழந்தை பூனையைப் 'பில்லி' என்று சொல்லலாம். அதைத் தவறென்று தடுக்க வேண்டா. "ஆம், தெலுங்கில் பில்லி, தமிழில் பூனை" என்று சொல்லி, பூனை என்னும் சொல்லின்கீழ் விரலை வைத்துப் படித்துக் காட்டுங்கள். அடுத்து, பானை. இரு சொற்களுக்கும் முதலெழுத்தில் மட்டுமே வேறுபாடு. பூ, பா என்னும் அந்தச் சிறு மாற்றம் ஒரு விலங்கைப் பாத்திரமாக்கிவிடுகிறது என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்.

இரண்டு சொற்களிலும் 'னை' வருகிறது. இங்கு ஐகாரக் குறி மெய்க்கு முன்னே எழுதப்படுகிறது. ஒலியோ பின்னே வருகிறது. தெலுங்கில் உயிர்க்குறி இவ்வாறு எழுத்துக்கு இடப்புறம் தனித்து நிற்பதில்லை. ஆகவே இருமொழிக் குழந்தைகள் இவ்விடத்தில் தடுமாறுவது இயல்பு. கை, பை, யானை, பூனை எனப் படத்தோடு வரும் சொற்கள் நூறு முறை எழுதுவதைக் காட்டிலும் இத்தடுமாற்றத்தை விரைவில் நீக்கும் என்பது என் கருத்து.

ஈற்றுப் புள்ளியும் அவ்வாறே. கால், பல் ஆகியவற்றைத் தெலுங்கில் 'காலு', 'பன்னு' என்பர். நம் பேச்சுத்தமிழிலும் 'காலு', 'பல்லு' என்றே ஒலிக்கிறோம். அச்சில் உள்ள சொல்லைப் பார்க்கும்போதுதான் இறுதியில் புள்ளி பெற்ற மெய் நிற்பது தெரிகிறது.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்வது வாசிப்பு ஆகாது. பூனையின் படத்தைக் கண்டு 'பூனை' என்று ஒப்பிக்கும் குழந்தை எழுத்தை நோக்காமலே இருந்துவிடலாம். ஆதலால் இரண்டாம் முறை படிக்கும்போது படத்தைத் தாளால் மறையுங்கள். மூன்றாம் முறை அதே சொற்களை அட்டைகளில் எழுதி இடம் மாற்றி வையுங்கள். 'மேலே பானை, கீழே பூனை' என்று மாற்றி வைத்தால் குழந்தை சிரிக்க வேண்டும். சிரித்தால் வாசித்திருக்கிறது என்று பொருள்!

நூல்கள் கிடைக்குமா என்ற ஐயம் எழலாம். சென்னையிலுள்ள தூலிகா பதிப்பகம் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட பல மொழிகளில் படக்கதைகளை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரே படக்கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் அருகருகே வைத்துப் படிப்பது தார்நாகாக் குழந்தைக்குக் கிடைத்த வாய்ப்பு. தமிழக அரசின் வாசிப்பு இயக்க நூல்களும் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில் அமைந்துள்ளன. பெயர்களே படிகளைச் சொல்லிவிடுகின்றன.

அருஞ்சொற்பொருள்

ஊகித்தல் – குறிப்பால் உணர்ந்து சொல்லுதல்
ஈறு – இறுதி
ஐயம் – சந்தேகம்

பயிற்சி

1. இருமொழிக் குழந்தைகள் 'னை' என்னும் எழுத்தில் தடுமாறுவது ஏன்?

2. படத்தை மறைத்துப் படிக்கச் சொல்வதன் நோக்கம் யாது?

3. மலை – மாலை, படம் – பாடம்: இவை போன்று ஓர் எழுத்து மட்டும் வேறுபடும் சொல்லிணைகள் ஐந்து எழுதுக.

4. செயல்பாடு: ஒரு வெள்ளைத்தாளை இருமுறை மடித்து, விளிம்பை வெட்டி, எட்டுப் பக்கச் சிறுநூல் ஆக்குக. பக்கத்துக்கு ஒரு படமும் இரண்டு சொற்களும் போதும். அதனை முதல் வகுப்பு மாணவர் ஒருவரோடு அமர்ந்து படித்து, அவர் எந்தச் சொல்லில் நின்றார் என்பதைக் கடைசிப் பக்கத்தில் குறித்து வருக.