ஒரு ஸ்பூன் என்றால் எத்தனை மி.லி.?

டீஸ்பூன் 5 மி.லி.; டேபிள்ஸ்பூன் 15 மி.லி. குழந்தைக்கு மருந்து கொடுக்கும்போது இரண்டையும் மாற்றிக்கொண்டால் அளவு மூன்று மடங்காகிவிடும். காபி கலக்கும் ஸ்பூன் வீட்டுக்கு வீடு வேறுபடும். மருந்துக்கு அதை எடுக்கவே எடுக்காதீர்கள். பாட்டிலோடு வரும் அளவு மூடியோ, ஊசியில்லாத சிரிஞ்சோ போதும். சீட்டில் 2.5 மி.லி. போல சிறிய அளவு எழுதியிருந்தால் சிரிஞ்சுதான் நம்பகமானது. மூடியில் ஊற்றினால் மேசைமேல் வைத்து, கோட்டுக்கு நேராகக் குனிந்து பாருங்கள். கையில் தூக்கிப் பிடித்தால் அளவு தப்பும்.

சமையலில் இவ்வளவு கண்டிப்பு வேண்டாம். அமெரிக்கக் குறிப்பில் ஒரு கப் சுமார் 240 மி.லி.; ஆஸ்திரேலியக் குறிப்பில் 250, அங்கே டேபிள்ஸ்பூனே 20 மி.லி. திரவ அவுன்ஸ் என்றிருந்தால் 30ஆல் பெருக்குங்கள். பாட்டி சொல்லும் ஆழாக்கு ஏறக்குறைய 168 மி.லி.

எண்ணெய் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயோ சுமார் 910 கிராம்தான். இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடும்முன், பாக்கெட்டில் லிட்டரா, கிலோவா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.