புள்ளியியலும் நம் கடைக் கணக்கும்

வணிகமும் பொருளாதாரமும் கற்கப் பல்கலைக்கழகம் செல்லும் நம் பிள்ளைகள் முதலாண்டில் அஞ்சும் பாடம் எதுவெனக் கேட்டால், புள்ளியியல் என்றே பெரும்பாலோர் சொல்வர். (நாம் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை, ஆதலின் இதனைப் புள்ளிவிவரமாகக் கொள்ளவேண்டா.) நம் கெடா மாநிலத்திலேயே 1984ஆம் ஆண்டு வடமலேசியப் பல்கலைக்கழகம் தோன்றியபின், பண்டார் பாருப் பிள்ளைகளுக்கு இக்கல்வி எட்டாத தொலைவில் இல்லை. எனினும் வாய்பாடுகளை நெட்டுருப் போட்டுத் தேர்வறையில் கொட்டிவிட்டு வருவோர் பலர். கடைப் பேரேட்டைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு இந்த அச்சம் ஏன்? அத்தா கல்லாவில் அமர்ந்து கேட்கும் கேள்விகளைத்தான் பேராசிரியர் கரும்பலகையில் வேறு பெயரிட்டுக் கேட்கிறார்.

முதலில் சராசரியை எடுத்துக்கொள்வோம். ஒரு கடையில் ஐவர் மாத வருமானம் பெறுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் பெறுவது முறையே 1,800, 1,800, 1,900, 2,000 வெள்ளி. ஐந்தாமவர் முதலாளி, அவருக்கு 12,500. கூட்டினால் 20,000, ஐந்தால் வகுத்தால் 4,000. “இக்கடையில் சராசரி வருமானம் நாலாயிரம்” என்று எழுதினால் பொய்யில்லை. ஆனால் அக்கடையில் நாலாயிரம் வாங்குபவர் ஒருவருமில்லை! வருமானங்களை ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 1,900 கிடைக்கும். இதுவே இடைநிலை அளவு. மலாயில் நடக்கும் வகுப்பில் இதனை ‘மீடியன்’ என்பர், சராசரியை ‘மின்’ என்பர்.

நாடளவிலும் இதே கதைதான். மலேசியப் புள்ளிவிவரத் துறை 2022ஆம் ஆண்டுக்குத் தந்த கணக்கின்படி குடும்ப மாத வருமானத்தின் சராசரி 8,479 வெள்ளி. இடைநிலையோ 6,338 வெள்ளி. இரண்டுக்கும் இடையே ஈராயிரத்துக்கு மேல் வேறுபாடு. மேல்தட்டில் உள்ள சிலரின் பெருவருமானம் சராசரியை இழுத்து உயர்த்துகிறது. ஆகவே உதவித்தொகைக்கு வரம்பு வகுக்கும் சங்கத்தார் எந்த எண்ணைக் கையில் எடுக்கின்றனர் என்பதைப் பொறுத்து, ஒரு பிள்ளை உள்ளே வரலாம், அல்லது வெளியே நிற்கலாம்.

அடுத்து வருவது திட்ட விலக்கம். மலாயில் ‘சிசிஹான் பியாவை’. மாணவர் பலர் இடறும் இடம் இது. இரு மளிகைக் கடைகளின் மூன்று நாள் விற்பனையைப் பாருங்கள். ஒன்றில் 900, 1,000, 1,100. மற்றொன்றில் 400, 1,000, 1,600. இரண்டுக்கும் சராசரி ஆயிரமே. எனினும் கடன் கொடுப்பவர் எந்தக் கடையை நம்புவார்? ஒவ்வொரு நாளும் ஆயிரத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று கண்டு, வர்க்கப்படுத்திக் கூட்டி, இரண்டால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் முதற்கடைக்கு 100, அடுத்ததற்கு 600. தடுமாற்றம் ஆறு மடங்கு!

மூன்று நாளாயிற்றே, ஏன் இரண்டால் வகுக்கவேண்டும்? சராசரியையும் அந்த மூன்று நாளிலிருந்தே எடுத்தோம். விலக்கங்களின் கூட்டுத்தொகை சுழியாகவேண்டும். இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே தெரிந்துவிடும். புதுச்செய்தி சொல்பவை இரண்டே. இதை விளக்காமல் விதியென்று மட்டும் சொல்லும் நூல்கள்தான் பிள்ளைகளை விரட்டுகின்றன என்பது நம் கருத்து.

சிறு எண்ணிக்கையைக் கொண்டு துணிந்து முடிவு கூற வழி கண்டவர் வில்லியம் கோசெட். டப்ளினில் கின்னஸ் மதுவடிசாலையில் பணிபுரிந்த அவர், 1908இல் ‘ஸ்டூடண்ட்’, அதாவது மாணவன், என்னும் புனைபெயரில் தம் ஆய்வை வெளியிட்டார். அவர் இருந்த தொழில் நமக்கு வேண்டாம், கணக்கு வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது மாதிரி எடுத்தல். நம் ஊரையே பாருங்கள். கெரியான் ஆற்றின் இக்கரை கெடா. அக்கரை பாரிட் புந்தார், பேராக் மாநிலம். பினாங்கைச் சேர்ந்த நிபோங் தெபாலும் அருகிலேயே. பாரிட் புந்தார் கடைத்தெருவில் நூறு பேரைக் கேட்டுவிட்டு “பேராக் மக்களின் செலவு இவ்வளவு” என்று எழுதினால், அந்த நூற்றில் இக்கரையார் எத்தனை பேரோ! யாரைப் பற்றிய கணக்கு என்பதை முதலில் வரையறுக்கவேண்டும்.

ஆள் கூடினால் உண்மை கூடும் என்பதுமில்லை. அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டுத் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. வென்றவரோ ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46இல்! தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து பெருமளவு முகவரிகளை எடுத்தது ஒரு குறை. விடை அனுப்பாதோரின் எண்ணம் தெரியாமற் போனது மற்றொன்று.

நம் சங்கங்களும் குடும்ப நிலையை அறியக் கணக்கெடுக்க விரும்புவதுண்டு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வாசலில் தாள் நீட்டுவது எளிது. ஆனால் அங்கே பெண்கள் சொல்வது பதிவாகாது. அந்நேரம் தொழிற்சாலையில் நிற்பவரும் விடுபடுவர். கணவரை இழந்து தனியே பிள்ளை வளர்க்கும் தாய், யாருக்காகக் கணக்கெடுக்கிறோமோ அவரே, தாளில் இருக்கமாட்டார். வீடுகளின் பட்டியலைத் தயாரித்து எண்ணிட்டு, குலுக்கல் முறையில் ஐம்பது வீடுகளைத் தேர்ந்து, அந்த வீடுகளுக்கே நேரில் செல்லவேண்டும். ஆளில்லையேல் அடுத்த வீட்டைத் தட்டாமல் மாலையில் மீண்டும் அதே வீட்டுக்குப் போகவேண்டும். விடுமுறைக்கு ஊர் வரும் பொருளாதார மாணவர் இருவர் முன்வந்தால் பட்டியல் வேலையை இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.