கசடைப் பார்த்த பிறகு இன்ஜினைப் பிரிப்போம்



கூலிங் சிஸ்டம் என்றால் நமக்கெல்லாம் பரீட்சையில் படம் வரையும் பாடம். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் வரைந்து நாலு அம்புக்குறி போட்டால் மார்க் வந்துவிடும். அந்தப் படத்தில் ஓடும் தண்ணீர் எப்போதும் சுத்தமாகவே இருக்கும். நிஜ வண்டியில் அப்படி இல்லை என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் எங்கள் அப்பாவின் வாடகைக் காரில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அது ஒரு பழைய டீசல் கார். அது ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். ஒரு நாள் காலையில் எக்ஸ்பான்ஷன் டேங்க் மூடியைத் திறந்தபோது உள்ளே காபி நிறத்தில் குழகுழவென்று களிம்பு மாதிரி ஏதோ ஒட்டிக் கிடந்தது. ஒரு பட்டறையில் காட்டினோம். எட்டிப் பார்த்த மறு நிமிஷமே, "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க. ஹெட்டை இறக்கி ஃபேசிங் பண்ணணும். எப்படியும் 35,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, "ஏன் கண்ணு, நீ இதத்தானே படிக்கிற? நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா அப்படிக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதலில் துரு என்றுதான் நினைத்தேன். நல்ல வேளை, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "ரெண்டு நாள் டைம் குடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, நான் இன்பிளான்ட் டிரெய்னிங் போன பட்டறையின் மெக்கானிக் அண்ணனிடம் ஓடினேன்.

அவர் முதலில் கேட்டது, "தொட்டுப் பார்த்தியா?" என்றுதான். நான் பார்க்கவில்லை.

கசடு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர அது ஒரே பொருள் அல்ல. செங்கல் பொடி போல விரலில் நறநறத்தால் அது துரு. வார்ப்பிரும்பு பிளாக் உள்ள இன்ஜினில் கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரிலேயே ஓட்டினால் வரும். வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருந்தால் உப்புப் படிவம். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதேதான். காய்ந்த துண்டின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். ஜெல்லி போல வழவழவென்று இருந்தால், ஒத்துப்போகாத இரண்டு வகை கூலன்ட்களை யாரோ கலந்திருக்கலாம். பச்சையோடு பச்சை, சிவப்போடு சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து ஊற்றுகிறோம். ஆனால் நிறம் என்பது கம்பெனிக்காரர்கள் சேர்க்கும் சாயம்தான். உள்ளே இருக்கும் ரசாயனத்தை அது காட்டாது. டப்பாவில் எழுதியிருப்பதைத்தான் படிக்க வேண்டும். இது போக, ரேடியேட்டர் ஒழுகலை அடைக்க ஊற்றும் பவுடரும் பழுப்புத் துகளாகத் தங்கிவிடும். முன்பு வண்டியை வைத்திருந்தவர் ஊற்றியிருந்தால் நமக்குத் தெரியவே தெரியாது.

சிலர் கூலன்டை நாக்கில் வைத்துப் பார்த்து, "இனிக்குது, கூலன்ட்தான்" என்பார்கள். தயவு செய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். எத்திலின் கிளைக்கால் விஷம். அதே போல் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடிக்கு உள்ளே தண்ணீர் ஏறத்தாழ 119 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்து அழுத்தம் போன அந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். அப்பாவின் வலது முழங்கையில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான்.

எங்கள் வண்டி ஆறிய பிறகு களிம்பை விரலில் எடுத்தேன். நறநறக்கவில்லை, பிசுபிசுத்தது. செய்தித்தாளில் தடவி வெயிலில் வைத்தேன். தண்ணீர் காய்ந்தது, ஆனால் பஜ்ஜி மடித்த காகிதம் போலக் கறை மட்டும் அப்படியே நின்றது. ஆகவே ஆயில். பட்டறைக்காரர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியில்தான் 35,000 ரூபாய் இருந்தது.

ஆயில் கூலன்டுக்குள் எந்த வழியாக வரும்? ஹெட் கேஸ்கெட் ஒரு வழி. பல டீசல் இன்ஜின்களில் ஆயில் கூலர் இன்னொரு வழி. கூலரில் மெல்லிய தகட்டுக்கு ஒரு பக்கம் ஆயிலும் மறு பக்கம் கூலன்டும் ஓடும். இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் 3, 4 பார் வரை போகும். கூலன்டுக்கு ஏறத்தாழ 1 பார்தான். தகட்டில் ஓட்டை விழுந்தால் அழுத்தம் அதிகமுள்ள ஆயில்தான் கூலன்டுக்குள் பாயும். ஆயிலுக்குள் தண்ணீர் அவ்வளவு சுலபமாக வராது. இன்ஜினை நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் நிலைமை தலைகீழாகும் என்பதால், ஓட்டை பெரிதானால் தண்ணீரும் ஆயிலுக்குப் போகும். அப்புறம் பேரிங்குக்கே ஆபத்து.

டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தோம். ஆயில் கறுப்பாகத்தான் இருந்தது, பால் கலந்த மாதிரி இல்லை. சைலன்ஸரில் வெள்ளைப் புகை இல்லை. டேங்கில் குமிழி வரவில்லை. அண்ணன் பிளாக் டெஸ்டரை வைத்தார். அதிலுள்ள நீலத் திரவம், எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் நிறம் மாறும். பெட்ரோல் இன்ஜினில் மஞ்சளாகும், டீசலில் பச்சையாகும். எங்களுக்கு நீலமாகவே நின்றது.

இதை வைத்து ஹெட் கேஸ்கெட் நூற்றுக்கு நூறு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதில் ஆயில் போகும் பாதையும் உண்டு. அங்கே மட்டும் கிழிந்திருந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். நான் இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். "சரிதான்டா தம்பி. ஆனா கூலரைக் கழட்ட ஒரு மணி நேரம், ஹெட்டைக் கழட்ட ரெண்டு நாள். எதை மொதல்ல கழட்டுவ?"

கூலரைக் கழற்றினோம். அதன் ஆயில் வழியில் ஒன்றை அடைத்து, மற்றொன்றில் காற்றைச் செலுத்தி, பக்கெட் தண்ணீரில் அமுக்கினோம். பஞ்சர் கடையில் டியூபைப் பார்ப்பது போலத்தான். முதலில் ஒன்றுமே வரவில்லை. எனக்கு முகம் செத்துவிட்டது. அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கடுகு அளவில் ஒரு குமிழி வந்தது. பிறகு அதே இடத்திலிருந்து இன்னொன்று. அப்பாதான் முதலில் பார்த்தார். "அதோ, அதோ" என்று கையை நீட்டினார்.

புதுக் கூலர், கேஸ்கெட், ஆயில், ஃபில்டர், கூலன்ட் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குள் முடிந்தது. கண்டுபிடித்ததை விடக் கழுவியதுதான் பெரும்பாடு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நுரை குறைவாக வரும் சோப்புத் திரவம் கலந்த வெந்நீரை விட்டு இன்ஜினை ஓட்டி, வடித்து, மறுபடியும் ஊற்றினோம். நாலாவது தடவையும் மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது. ஆறாவது தடவைதான் தெளிந்தது. ஆயில் பட்ட ரப்பர் ஹோஸ்கள் ஊறிக் கொழகொழத்திருந்ததால் அவற்றில் இரண்டை மாற்றினோம். அந்தக் கணக்கு தனி.

ஒரு மாதம் வரை அப்பா தினமும் காலையில் டார்ச் அடித்து டேங்கைப் பார்த்தார். இப்போது வாரம் ஒரு முறை பார்க்கிறார். முதலில் வடித்த களிம்பை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து நம் ஆட்டோ லேப் அலமாரியில் லேபிள் ஒட்டி வைத்திருக்கிறேன். துருவும் உப்புப் படிவமும் பக்கத்திலேயே தனித்தனி பாட்டிலில் இருக்கின்றன. ஜூனியர் தம்பிகள் வந்து விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.