இரட்டைக் கோபுரம் ஏற ஒரு மாலை

கோலாலம்பூர் போகிறவர்கள் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பெரும்பாலோர் வாசலில் நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து ஒரு படம் எடுத்துவிட்டு, அடியிலேயே இருக்கும் சூரியா கேஎல்சிசி கடைவளாகத்துக்குள் புகுந்துவிடுகிறார்கள். வந்ததுதான் வந்தோம், ஏறியும் பார்ப்போமே என்று கடைசி நேரத்தில் போய்க் கேட்டால் அன்றைய சீட்டு தீர்ந்திருக்கும். கோபுரம் ஏறும் வேலையை ஊரில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

சீட்டு வாங்குவது

கோபுரத்தின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே வாங்குங்கள். நாளோடு நேரத்தையும் அப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். மலேசியர்களுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதலான கட்டணம். அவ்வப்போது ஏறுகிற தொகை என்பதால் வாங்கும் அன்று பார்த்துக்கொள்வதே சரி. விலை ரிங்கிட்டில் இருக்கும். அங்குள்ள தமிழர்கள் அதை ‘வெள்ளி’ என்பார்கள். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் சாப்பாட்டுக் கடைக்காரர் “பத்து வெள்ளி” என்று கேட்டால் நகைக்கடை நினைவு வேண்டாம்.

திங்கட்கிழமை கோபுரத்துக்கு வார விடுமுறை. வெள்ளிக்கிழமை தொழுகைக்காக மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை யாரையும் மேலே அழைத்துப் போவதில்லை. இந்த இரண்டையும் கவனிக்காமல் பயணத் திட்டம் போட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய.

நேரத்தில்தான் சூட்சுமம். மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982இல் மேற்கு மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்துக்கொண்டது. அதனால் அங்கே பொழுது சாய ஏழு, ஏழேகால் ஆகிவிடும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் வருடம் முழுவதும் இதில் பெரிய மாற்றம் இருக்காது. நம்மூர்க் கணக்கில் ஐந்தரை மணிக்குச் சீட்டு எடுத்தால் உச்சியில் வெயில்தான் மிஞ்சும். ஆறரையை ஒட்டி எடுங்கள். பாலத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம், உச்சிக்குப் போகும்போது ஊரில் விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். இந்த நேரத்துக்குத்தான் கிராக்கி அதிகம், முந்திக்கொள்ள வேண்டும். மாலை மழை ஒன்றுதான் இதில் உள்ள ஆபத்து. கோலாலம்பூரில் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டுவது சாதாரணம், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் அதிகம். பெய்து ஓய்ந்தால் வானம் கழுவி விட்டதுபோல் இருக்கும். ஓயாவிட்டால் மேகத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், பணம் வீணாகக் கூடாது என்பவர்களுக்கும் காலை நேரமே நல்லது.

போய்ச் சேர்வது

விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரல் நிலையம். தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் அதை ஒட்டியே இருக்கிறது. அங்கே அறை எடுத்தால் சோற்றுக்கும் கவலையில்லை, ரயிலுக்கும் கவலையில்லை. கேஎல் சென்ட்ரலில் கெலானா ஜெயா தடத்து எல்ஆர்டி ரயிலில் கோம்பாக் போகும் பக்கம் ஏறுங்கள். ஐந்தாவது நிறுத்தம் கேஎல்சிசி. மழை பெய்தாலும் நனைய வேண்டாம், நிலையத்திலிருந்து நிலத்தடியிலேயே கடைவளாகத்துக்குள் நடந்துவிடலாம்.

சீட்டு முகப்பு கோபுரத்தின் தரைத்தளத்துக்கும் கீழே இருக்கிறது. உயரம் ஏற வந்தவர்கள் முதலில் கீழே இறங்க வேண்டும். இது தெரியாமல் பளபளக்கும் முன்கூடத்தில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பரிசோதனை உண்டு, பெரிய பைகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள், தின்பண்டம் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறத்தில் அட்டை தந்து கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். மேலே அந்த நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், காதைத் திறந்து வைத்திருங்கள்.

பாலத்தில் பத்து நிமிடம்

மின்தூக்கி முதலில் 41ஆம் மாடியில் நிற்கும். இரண்டு கோபுரங்களையும் இணைக்கும் வான்பாலம் இங்கேதான். தரையிலிருந்து 170 மீட்டர். கோலாலம்பூரை அடுத்த பத்துமலையில் நிற்கும் முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். அதுபோல் நான்கு சிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் கடைசிச் சிலையின் தலை உங்கள் காலடிக்கு வந்துவிடும். தரை கண்ணாடி அல்ல, உயரத்துக்குப் பயந்தவர்களும் தைரியமாக நடக்கலாம்.

பலரும் முதுகைக் காட்டிப் படம் எடுத்தே அங்கே தரும் பத்து, பதினைந்து நிமிடத்தையும் தீர்த்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் உச்சியைவிடப் பாலம்தான் பார்க்க வேண்டிய இடம். காற்றில் இரண்டு கோபுரங்களும் தனித்தனியே அசையும். பாலத்தை இருபுறமும் இறுக்கிப் பிணைத்திருந்தால் என்றாவது அது பிய்ந்துவிடும். ஆகவே தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விடுவதுபோல, பாலத்தின் முனைகள் உள்ளும் வெளியும் நகர இடம் விட்டிருக்கிறார்கள். பாலத்தைத் தாங்குவது 29ஆம் மாடியிலிருந்து கவட்டைபோல் எழும் கால்கள். ஒரு கோபுரத்தில் தீப்பிடித்தால் ஆட்கள் அடுத்ததற்குத் தப்பிப் போகவும் இந்தப் பாலமே வழி.

அங்கே நின்று கோபுரத்தின் சுவரையும் பாருங்கள், ஒரு கோணம், ஒரு வளைவு என்று மடிந்து மடிந்து போகும். வடிவமைத்தவர் சீசர் பெல்லி. இரண்டு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று திருப்பி வைத்தால் வரும் எட்டுமுனை நட்சத்திரம், இஸ்லாமியக் கலையில் அடிக்கடி காண்பது, அதுதான் ஒவ்வொரு தளத்துக்கும் அடிப்படை. முனைகளுக்கு இடையே அரைவட்டம் சேர்த்து இடத்தைப் பெருக்கிக்கொண்டார்.

உச்சியில் வடக்கே பாருங்கள்

அடுத்து 86ஆம் மாடி. 451.9 மீட்டர் உயரத்தோடு 1998 முதல் 2004 வரை உலகிலேயே உயரமான கட்டடம் என்ற பெயர் இந்தக் கோபுரத்துக்கு இருந்தது. பிறகு தாய்பே 101 முந்தியது. இப்போது இதே ஊரில் 678.9 மீட்டர் மெர்டேக்கா 118 நிற்கிறது, சன்னலிலிருந்தே தெரியும். எதிர்க் கோபுரத்தின் கூம்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும்.

நம்மவர்கள் தேட வேண்டியது வடக்குத் திசையை. பத்துமலை அந்தப் பக்கம்தான். முருகன் குடியிருக்கும் அந்தக் குன்றின் சுண்ணாம்புப் பாறைதான் கோலாலம்பூரின் மண்ணுக்கடியிலும் பள்ளமும் குகையுமாக மறைந்து கிடக்கிறது. கோபுரத்துக்கு முதலில் குறித்த இடத்தைத் தோண்டியபோது ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் மண். அதனால் கட்டடத்தையே சுமார் 60 மீட்டர் நகர்த்தி, மண் ஆழமாக இருந்த இடத்தில் நூறு மீட்டருக்கும் மேல் ஆழம் போகும் தூண்களை இறக்கினார்கள்.

இறங்கிய பிறகு

கடைவளாகத்தின் பின்வாசல் வழியே ஐம்பது ஏக்கர் பூங்காவுக்குப் போங்கள். ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் ஓடிய மைதானம் இது. இரவு எட்டு மணிக்குமேல் ஏரியில் இசையோடு நீரூற்று ஆடும், காசு கிடையாது. முழுக் கோபுரமும் படத்தில் அடங்க இந்தப் பக்கமே வசதி. அம்பாங் சாலை வாசலில் கைப்பேசியில் மாட்டும் அகல லென்ஸ் விற்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள், நாலடி பின்னால் நடக்கத் தெரிந்தவருக்கு அது தேவையில்லை.

இன்னும் நல்ல படம் வேண்டுமா? கம்போங் பாரு பக்கம் போகும் சலோமா நடைபாலத்துக்குப் போங்கள். 2020இல் திறந்தது. மலாய்க் கல்யாணத்தில் வைக்கும் வெற்றிலை அடுக்கை நினைத்து வடிவமைத்தார்கள், இரவில் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அதற்குப் பின்னால் வெள்ளி நிறத்தில் இரண்டு கோபுரங்களும் எழுந்து நிற்கும். பாலத்தைத் தாண்டினால் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் கடைகள். சைவர்கள் ஆசைப்பட்டு உட்கார்ந்துவிட வேண்டாம், அதோடு வரும் சம்பலில் நெத்திலி இருக்கும்.