விதைப்பவன் சட்டையில் வயலின் நிறம்

குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் என் ஓவிய அறை. அந்தமானில் நவம்பரில் மாலை 5 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். வேலை முடிந்து வந்து பிரஷைத் தொட வெளிச்சம் இருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை ஒதுக்கி, ஒரே ஒரு படத்தைத் திரும்பத் திரும்பத் தீட்டி ஆயில் பெயிண்டிங் கற்றுக்கொண்டேன். வின்சென்ட் வான்கோ 1888 நவம்பரில் ஆர்ல் நகரில் வரைந்த ‘விதைப்பவன்’ அது. தலைக்குப் பின்னால் பெரிய மஞ்சள் சூரியன், குறுக்கே சாய்ந்த மரம், ஊதா படர்ந்த வயல், இருண்ட நீலத்தில் ஓர் ஆள். ஆம்ஸ்டர்டாமில் உள்ள அந்தப் படத்தின் அகலம் சுமார் 40 செ.மீ.தான்.

பார்த்து வரைவதற்கு யாரும் கூச வேண்டியதில்லை. ஓவியர் மில்லே 1850இல் தீட்டிய விதைப்பவனைப் பார்த்துத்தான் வான்கோவும் பழகினார். 1889–90இல் செயின்ட் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது மில்லேயின் படங்களில் இருபத்தொன்றை மறுபடி தீட்டினார். கையில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பிரதிகள். வண்ணத்தை அவரே முடிவு செய்தார்.

முதல் முறை ஆளைத்தான் முதலில் வரைந்தேன். விரல், தொப்பி எல்லாம் நுணுக்கமாக வந்தன. பிறகு சுற்றிலும் வயலை நிரப்பினேன். பள்ளிக்கு ஒட்டுப்படம் செய்துகொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்து, “அப்பா, இவரை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு” என்றாள். உண்மைதான். டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அதிலிருந்து கற்றவை:

1. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரங்கள் மறைந்து இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என மூன்றே நிலைகள் தெரியும். அவற்றை முதலில் பூசுங்கள்.

2. ஆளைவிட, ஆளுக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தின் வடிவத்தை வரையுங்கள். அது சரியானால் ஆள் தானாகச் சரியான இடத்தில் நிற்பார்.

3. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரின் நீலத்தில் சிறிது கிரிம்சன் சேர்த்தால் ஊதா. மஞ்சளுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் இரண்டும் ஒளிரும். தட்டிலேயே கலந்துவிட்டால் மங்கிவிடும்.

4. வயலுக்குக் கலந்த ஊதாவையே தொட்டு, அதே பிரஷால் சட்டையிலும் நாலு கோடு இழுங்கள். என் விதைப்பவன் தரையில் கால் ஊன்றியது அந்த நாலு கோட்டில்தான்.

5. ஆயில் பெயிண்ட் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் இறுகும். எங்கள் ஊர் மழைக்காலத்தில் அது இழுத்தடிக்கும். அடிப்பூச்சைச் சீக்கிரம் காயும் பர்ன்ட் அம்பரில், டர்பன்டைன் மட்டும் கலந்து மெல்லியதாகப் போடுங்கள். லின்சீட் ஆயில் மேல்பூச்சுக்கு மட்டும். கேன்வாஸைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

பாரிஸில் படித்த ஓவியர் அம்ரிதா ஷெர்கில், பிரெஞ்சு ஓவியர் கோகானின் படங்களில் கற்றதைத் தென்னாட்டு மனிதர்களிடம் கொண்டுவந்து, 1937இல் சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தாரைத் தீட்டினார். பிறர் படத்தைப் பார்த்து வரைவது இப்படி நம் கண்முன் உள்ள மனிதர்களிடம்தான் போய்ச் சேர வேண்டும். நான்காவது விதைப்பவன் முடிந்ததும் நானும் திண்ணையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். எதிரே தென்னை மரங்களுக்கு அடியில் ஓலை பொறுக்கும் பக்கத்து வீட்டு அக்கா. அவர் சேலை மஞ்சள். முதலில் கலந்தது, அதன்மேல் விழுந்திருந்த ஓலை நிழலின் பச்சையை.